காது கேளாதோருக்கு மனநல உதவி: வாசலில் இருந்து வார்டு வரை செய்ய வேண்டியவை

அரசு மருத்துவமனைச் சுவரிலும், கல்லூரி அறிவிப்புப் பலகையிலும், நாளிதழ்ச் செய்திகளின் அடியிலும் ஒரே வரியைத்தான் பார்க்கிறோம்: மனம் தளர்ந்தால் இந்த எண்ணை அழையுங்கள். காது கேளாத ஒருவரும் அதைப் படிக்கிறார். எண் எதிரே இருக்கிறது, கையில் போனும் இருக்கிறது. அழைத்து அவர் என்ன செய்வார்?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 2.2 லட்சம் பேர். மனச்சோர்வும் பதற்றமும் கேட்கிறவர்களைவிடக் காது கேளாதோரிடம் அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காது கேளாமையே மனநோயைக் கொண்டுவருவதில்லை. வீடு முழுக்க ஆட்கள் இருந்தும் பேச ஒருவரும் இல்லாமல் வளர்வதுதான் மனத்தை அரிக்கிறது. அமெரிக்க ஆய்வுகளின்படி, காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கேட்கும் திறனுள்ள பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். அந்தப் பெற்றோரில் பெரும்பாலோருக்குச் சைகை மொழி தெரியாது. இரவுச் சாப்பாட்டின்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். குழந்தை தோளைத் தட்டி ‘என்ன?’ என்று கேட்கிறது. ‘ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்’ என்று பதில் வருகிறது. அந்தப் ‘பிறகு’ இருபது வருடம் ஆனாலும் வருவதில்லை.

ஆலோசகர்கள், மனநல மருத்துவர்கள், செவிலியர்கள், கல்லூரி ஆலோசனை மையங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் உள்ள எல்லாமே ஒரு கருத்தின் மேல்தான் நிற்கின்றன: காது கேளாதவர் தன் மனத்தில் இருப்பதைக் குடும்பத்தாரின் வாய்வழியாக அல்லாமல், தன் மொழியில் தானே சொல்ல வேண்டும். அதற்கு வழி செய்யாமல் மற்ற வசதிகளைச் செய்து பயனில்லை.

முதல் படி: வந்திருப்பவர் யார் என்று அறிந்துகொள்ளுங்கள்

‘காது கேளாதவர்’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும் தேவைகள் வெவ்வேறு. பிறவியிலேயே கேளாமல், பள்ளியில் சைகை மொழி கற்று வளர்ந்தவருக்கு இந்திய சைகை மொழிதான் முதல் மொழி. எழுத்துத் தமிழ் அவருக்கு இரண்டாவது மொழி. சிலருக்கு அது மிகவும் கடினமான மொழி. நாற்பது வயதில் கேட்கும் திறனை இழந்தவருக்குச் சைகை மொழி தெரியாது. அவருக்குத் தேவை தெளிவான எழுத்து, நல்ல காது கருவி, சத்தமில்லாத அறை. லைவ் டிரான்ஸ்கிரைப் போன்ற செயலிகள் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கிக் காட்டுவது இவருக்குப் பெரிய உதவி. சைகை மொழிக்காரரிடம் அதே செயலியை நீட்டினால் அது உதவியாகாது.

மூன்றாவதாக ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். அதிகம் கைவிடப்பட்டவர்கள் இவர்கள்தான். பள்ளிக்கே அனுப்பப்படாமல், எந்தச் சைகை மொழியும் கற்காமல், வீட்டார் மட்டும் புரிந்துகொள்ளும் சில சைகைகளோடு வளர்ந்தவர்கள். கிராமங்களில் இவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அது கீழே வருகிறது. பார்வையும் சேர்ந்து குறைந்தவர்கள் இன்னொரு பிரிவு. சைகைகளை அவர்கள் கையால் தொட்டு அறிய வேண்டியிருக்கலாம். முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களின் துணையை அவர்களுக்காகத் தேடுங்கள்.

எனவே பதிவுச் சீட்டிலேயே ஒரு கேள்வி இருக்கட்டும்: ‘உங்களுடன் நாங்கள் எப்படிப் பேச வேண்டும்?’ சைகை மொழி, எழுத்து, உதட்டசைவு, காது கருவியுடன் பேச்சு என்று படங்களோடு கொடுத்துத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். உதட்டசைவை மட்டும் நம்பி ஒருவரை அனுப்பிவிடாதீர்கள். கண்ணாடி முன் நின்று ‘பாலை’, ‘மாலை’ என்று ஒலியில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இரண்டாம் படி: பேசாமலேயே உள்ளே வர ஒரு வாசல்

இந்திய அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலிமானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற அந்த எண் பல மொழிகளில் இயங்குகிறது. எத்தனையோ பேரைக் காப்பாற்றும் முயற்சி அது. ஆனாலும் அடிப்படையில் அது குரலைக் கேட்டுப் பதில் சொல்லும் சேவை. அமெரிக்காவில் 988 என்ற நெருக்கடி உதவி எண்ணில் 2023 செப்டம்பர் முதல் அமெரிக்க சைகை மொழியில் நேரடிக் காணொளி அழைப்பு வசதி இருக்கிறது. எதிர்முனையில் சைகை மொழி தெரிந்த ஆலோசகரே அமர்ந்திருப்பார், நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. நம் நாட்டில் நாம் கேட்டுப் பெற வேண்டியதும் இதைத்தான்.

அதுவரை உங்கள் மையத்தால் செய்யக்கூடியது நிறைய. காது கேளாதோருக்கு இன்று வாட்ஸ்ஆப் காணொளி அழைப்புதான் தொலைபேசி. முன்பதிவுக்கு ஒரு வாட்ஸ்ஆப் எண் வையுங்கள். ‘குறுஞ்செய்தியும் காணொளிச் செய்தியும் மட்டும், அழைக்கத் தேவையில்லை’ என்று அதில் தெளிவாகப் போடுங்கள். யாரைப் பார்க்கலாம், எவ்வளவு செலவாகும், சொன்னது வெளியே போகாது என்பதை ஒன்றரை நிமிடச் சைகை மொழிக் காணொளியாக எடுத்து அந்த எண்ணின் முதல் பதிலாக அனுப்புங்கள். அந்தக் காணொளியில் சைகை செய்பவர் காது கேளாத ஒருவராகவே இருக்கட்டும். திரையில் தன்னைப் போன்ற ஒருவரைப் பார்க்கும்போது வரும் நம்பிக்கையை எந்தத் துண்டறிக்கையும் தராது.

காணொளியில் வரும் பதிலைப் படிக்க உங்கள் பக்கம் ஒருவர் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சைகை மொழி தெரிந்தவர் இருப்பார் என்றால் அந்த நாட்களை முன்பே அறிவித்துவிடுங்கள். எந்நேரமும் பதில் வரும் என்று எழுதிவிட்டு மௌனமாக இருப்பது, ஏற்கெனவே காத்திருந்து அலுத்த ஒருவரை மறுபடியும் காக்க வைப்பது.

காத்திருக்கும் கூடத்தில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. எண் ஒளிரும் பலகை இல்லையென்றால், பணியாளர் ஒருவர் எழுந்து போய் அவர் எதிரே நின்று கையசைத்து அழைக்க வேண்டும். கூப்பிட்டும் வரவில்லை என்று பெயரை அடித்துவிட்டு, பின்னர் ‘தொடர் சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவைப்பது பெரும் அநியாயம்.

மூன்றாம் படி: மொழிபெயர்ப்பாளர், குடும்பத்தார் அல்ல

வெளிநோயாளிகள் பிரிவுகளில் அன்றாடம் நடப்பது இது. ‘தூக்கம் வருகிறதா?’ என்று மருத்துவர் கேட்கிறார். அம்மா மகளைப் பார்த்துக் கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்க்கிறார். மகள் ஒரு நிமிடத்துக்கு மேல் இரு கைகளாலும் எதையோ சொல்கிறாள். நடுவே கண் கலங்குகிறது. அம்மா மருத்துவர் பக்கம் திரும்பி, ‘சரியாகத் தூங்குவதில்லை டாக்டர். எந்நேரமும் போன்தான்’ என்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் மகள் சொன்னது ஓ.பி. சீட்டில் ஏறவே இல்லை.

அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த சைகை அவ்வளவுதான்; அல்லது மகள் சொன்னதில் பாதி அவரைப் பற்றியதாக இருக்கலாம். கணவன் அடிக்கிறான் என்பதைக் கணவன் மொழிபெயர்க்க மாட்டான். சித்தப்பாவைப் பற்றிய செய்தியைச் சித்தி சொல்ல மாட்டார். காது கேளாத பெற்றோருக்காக எட்டு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, ‘உன் அப்பாவுக்குச் சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, கேள்’ என்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. ஆகவே விதி ஒன்றுதான்: குடும்பத்தார் உடனிருக்கலாம், தகவல் தரலாம், ஆறுதலாக இருக்கலாம், மொழிபெயர்க்கக் கூடாது. வேறு வழியே இல்லாத அவசரத்தில் அவர்களைப் பயன்படுத்தினால், ‘உறவினர் மூலம் பெறப்பட்ட தகவல், மீண்டும் கேட்டறிய வேண்டும்’ என்று சீட்டில் எழுதுங்கள்.

தகுதியுள்ளவர்களை எங்கே தேடுவது? இந்திய சைகை மொழிபெயர்ப்புக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டயப் படிப்பு இருக்கிறது. டெல்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் இதைக் கற்பிக்கிறது. 10,000 சொற்கள் கொண்ட காணொளி அகராதியையும் வெளியிட்டிருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், மாவட்டக் காது கேளாதோர் சங்கத்திலும், காது கேளாதோர் பள்ளிகளிலும் கேட்டு உங்கள் வட்டாரத்துக்கு ஒரு பெயர்ப்பட்டியல் தயாரித்து வையுங்கள். நெருக்கடி வந்த பிறகு தேடினால் ஆள் கிடைக்காது.

பள்ளி ஆசிரியரை அழைப்பதில் எச்சரிக்கை வேண்டும். அவருக்குச் சைகை தெரியும். ஆனால் பல வருடம் தன் மீது அதிகாரம் செலுத்திய ஒருவர் முன்னால் மனத்தைத் திறக்க யாருக்கும் தயக்கம் வரும். காது கேளாதோர் சமூகம் சிறியது. ஒரே மொழிபெயர்ப்பாளர் உங்கள் நோயாளியின் திருமணத்திலும், அவர் முதலாளியுடன் நடந்த பேச்சிலும், அவர் தோழியின் விவாகரத்து வழக்கிலும் இருந்திருப்பார். இன்ன நாளில் இன்னார் வருகிறார் என்று முன்பே பெயரையும் படத்தையும் அனுப்பிச் சம்மதம் கேளுங்கள். பெண் வேண்டும், வெளியூர்க்காரர் வேண்டும் என்றால் ஏற்பாடு செய்யுங்கள். வெளியூர்க்காரர் காணொளி வழியாக வரலாம். அப்போது கேமரா இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை காட்ட வேண்டும்; முகம் மட்டும் தெரியும் காணொளியில் பாதி மொழி வெட்டுப்பட்டுவிடும்.

அமர்வுக்கு முன் பத்து நிமிடம் மொழிபெயர்ப்பாளரோடு தனியாகப் பேசுங்கள். இன்றைய நோக்கம் என்ன, கடினமான செய்தி ஏதும் உண்டா, நோயாளி குழப்பமாகச் சைகை செய்தால் அதைச் சீராக்காமல் குழப்பமாகவே எனக்குச் சொல்லுங்கள் என்பதையெல்லாம் அப்போதே பேசிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். நல்ல மனத்தோடு மொழிபெயர்ப்பாளர் தொடர்பற்ற வாக்கியங்களை அழகாகக் கோத்துத் தந்துவிட்டால், சிந்தனைக் குழப்பம் என்ற நோய்க்குறி உங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

பேசும்போது நோயாளியைப் பார்த்து ‘நீங்கள்’ என்றே பேசுங்கள். ‘அவரிடம் கேளுங்கள்’ என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லாதீர்கள். இடைவிடாது மொழிபெயர்ப்பவரின் துல்லியம் அரை மணி நேரத்துக்குள் குறையத் தொடங்கும். நீண்ட அமர்வென்றால் இருவர் மாறி மாறிச் செய்ய வேண்டும், அல்லது இடைவேளை விட வேண்டும். முடிந்ததும் மொழிபெயர்ப்பாளரின் மனநிலையையும் கேளுங்கள். ‘நான் சாக விரும்புகிறேன்’ என்பதைத் தன் வாயால், ‘நான்’ என்றே சொன்னவர் அவர்.

மொழியே சரியாகக் கிடைக்காமல் வளர்ந்தவர்களைப் பற்றி முன்பு சொன்னேன். அவர்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் போதாது. காது கேளாத ஒருவர் இடையில் அமர்ந்து, மொழிபெயர்ப்பாளர் தரும் கேள்வியை நடிப்பாக, படமாக, காலண்டராக மாற்றி அவரிடம் கொண்டுசேர்க்க வேண்டும். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். நேரம் பிடிக்கும், ஆனாலும் வேறு எவராலும் இதைச் செய்ய முடியாது.

நான்காம் படி: அறை

ஆலோசகரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். முதுகுக்குப் பின் ஜன்னல் இருந்தால் முகம் நிழலாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் ஆலோசகரின் பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி அமர்ந்தால் நோயாளிக்கு இருவரும் ஒரே பார்வையில் தெரிவார்கள். பூப்போட்ட சேலையோ கட்டம் போட்ட சட்டையோ வேண்டாம். கை அசைவு அதில் கரைந்துபோகும். கணினியில் தட்டச்சு செய்துகொண்டே பேசாதீர்கள். நீங்கள் பார்வையை விலக்கினால் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று பொருள்.

சைகையை யாரும் கண்ணாலேயே ஒட்டுக்கேட்க முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கதவில் கண்ணாடி இருந்தால் திரை போடுங்கள். வெளியே காத்திருக்கும் இன்னொரு காது கேளாதவருக்கு உள்ளே நடப்பது முழுவதும் தெரிந்துவிடும்.

நேரத்தை இரட்டிப்பாக ஒதுக்குங்கள். 45 நிமிடம் தருகிற இடத்தில் 90 நிமிடம்.

ஐந்தாம் படி: கேள்விகளை மாற்றி அமையுங்கள்

மதிப்பீட்டில் நடக்கும் பிழைகள்தான் வாழ்க்கையையே திசைதிருப்புகின்றன. இருவகைப் பிழையும் நடக்கும்: இல்லாத நோயை எழுதுவது, இருக்கிற நோயைத் தவறவிடுவது.

சைகை மொழியில் முகபாவம் இலக்கணத்தின் பகுதி. புருவம் உயர்வது ‘ஆமா, இல்லையா’ என்ற கேள்வியின் அடையாளம். தலையசைப்பு எதிர்மறையைக் காட்டும். சைகையின் வேகமும் அளவும் அழுத்தத்தைக் காட்டும். இதை அறியாதவருக்கு, உணர்ச்சியோடு பேசும் ஒரு சாதாரண மனிதர் ‘கட்டுக்கடங்காத கிளர்ச்சி’யில் இருப்பதாகத் தோன்றும். அவர் காகிதத்தில் எழுதித் தரும் தமிழில் வேற்றுமை உருபுகள் விடுபட்டிருக்கும், சொற்கள் இடம் மாறியிருக்கும். அது இரண்டாவது மொழியில் எழுதியதன் விளைவு. அதை வைத்து அறிவுத்திறன் குறைவு என்றோ சிந்தனைக் கோளாறு என்றோ முடிவு செய்யக் கூடாது. அறிவுத்திறனைச் சோதிக்க வேண்டுமானால் சொற்களை நம்பாத சோதனைகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

மனச்சோர்வை அளக்க நாம் எல்லோரும் பயன்படுத்தும் பி.எச்.கியூ.-9 வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது கேள்வி, மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு மெதுவாக நடமாடுகிறீர்களா அல்லது பேசுகிறீர்களா என்று கேட்கிறது. சைகை மந்தமாகிவிட்டதா என்று அதை மாற்ற வேண்டும். ‘கடந்த இரண்டு வாரங்களில் பாதி நாட்களுக்கு மேல்’ என்ற அளவைக் காலண்டரைக் காட்டி, நாட்களைத் தொட்டுக் கேட்க வேண்டும். பிரிட்டனில் இந்த வினாத்தாளைப் பிரிட்டிஷ் சைகை மொழிக் காணொளியாக மொழிபெயர்த்து, காது கேளாதோரிடமே சோதித்துப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் மொழிபெயர்ப்பாளர் அந்தந்த நேரத்துக்குத் தோன்றியபடி மாற்றினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மதிப்பெண் வரும். ஆகவே காது கேளாதவர் ஒருவர், மொழிபெயர்ப்பாளர், உளவியலாளர் மூவரும் ஒருமுறை உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே சைகை வடிவத்தை முடிவுசெய்து பதிவு செய்துவிடுங்கள். ‘மனசு பாரமாக இருக்கிறதா’, ‘நெஞ்சு அடைக்கிறதா’ போன்ற நம் வழக்குகளைச் சொல்லுக்குச் சொல் சைகையாக்கினால், மூட்டை தூக்கியதையும் மாரடைப்பையும் கேட்பதாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

மனச்சிதைவு நோயைக் கண்டறியும்போது ‘காதில் குரல் கேட்கிறதா?’ என்று கேட்பது வழக்கம். பிறவியிலேயே கேளாதவர்களும் ‘குரல்’ இருப்பதாகச் சொல்வதுண்டு. பிரிட்டனில் ஜோவன்னா அட்கின்சன் இதை விரிவாக ஆராய்ந்தார். முழுக்கக் கேளாமல் பிறந்தவர்களில் பலருக்கு அது ஒலியாக இல்லை. யாரோ சைகை செய்வது போலவும் உதடு அசைவது போலவும் மனத்தில் தோன்றும் உணர்வாக இருந்தது. எனவே, ‘யாரும் இல்லாதபோது யாராவது உங்களிடம் சைகை செய்வது போல, செய்தி சொல்வது போல இருக்கிறதா? யார் அவர்? என்ன சொல்கிறார்?’ என்று கேளுங்கள். இன்னொரு பக்கம், பிற்காலத்தில் கேட்கும் திறனை இழந்தவர்களுக்குக் காதில் இரைச்சல் இருப்பது சாதாரணம். அதைப் பிரமை என்று எழுதிவிடாதீர்கள்.

தலையாட்டலை நம்பாதீர்கள். புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவது, கேட்கிறவர்கள் நடுவில் வாழ்ந்து பழகிய தற்காப்பு. ‘புரிந்ததா?’ என்று கேட்காமல், ‘நான் சொன்னதை நீங்கள் உங்கள் நண்பருக்கு எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள்.

ஆறாம் படி: ஆலோசனை

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லும் பயிற்சி இங்கே நடக்காது. கண்ணை மூடினால் அடுத்த வார்த்தை அவரைச் சேராது. முழுப் பயிற்சியையும் முதலில் செய்து காட்டுங்கள். பின்னர் அவர் கண்ணை மூடட்டும். தோளில் மெல்லத் தட்டினால் திறக்கலாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். தொடுவது சங்கடமென்றால் விளக்கை அணைத்து ஏற்றலாம். எண்ணங்களைத் தாளில் எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடத்துக்குப் பதில், தன் போனில் சைகையாகப் பதிவு செய்து வரச் சொல்லுங்கள்.

மனச்சோர்வு என்றால் என்ன என்பதற்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். மற்றவர்கள் வானொலியிலும் பஸ்ஸிலும் பக்கத்து வீட்டுப் பேச்சிலும் காதில் விழுந்தே அறிந்துகொள்வதெல்லாம் இவர்களுக்கு யாரும் சொல்லாதது. தான் அனுபவிப்பதற்கு ஒரு பெயர் உண்டு, சிகிச்சை உண்டு, வேறு பலருக்கும் வருகிறது என்று தன் மொழியில் முதன்முறை அறியும்போதே சிலருக்குப் பாதி பயம் விலகுகிறது.

ஏழாம் படி: மருந்து எழுதும்போது

மனநல மருத்துவர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் சிலருக்குக் கை நடுக்கம் தரும். மனச்சிதைவுக்குத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் விறைப்பையும், முகபாவம் இறுகிப்போவதையும் உண்டாக்கலாம். மற்றவர்களுக்கு இவை தொல்லைகள். சைகை மொழிக்காரருக்கு இவை திக்குவாய்க்கும் பேச்சிழப்புக்கும் சமம். அந்த விறைப்பைத் தணிக்கத் தரும் டிரைஹெக்சிபெனிடில் கண் மங்கலைத் தரலாம். கண்தான் அவருடைய ஒரே வழி. குறைந்த அளவில் தொடங்குவது, வேறு மருந்தைத் தேர்வது, ஒவ்வொரு வருகையிலும் ‘சைகை செய்வது எப்படி இருக்கிறது? மற்றவர் சைகை தெளிவாகத் தெரிகிறதா?’ என்று கேட்பது ஆகியவை அவசியம்.

இன்னொன்று அரிது, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. ஜெர்வெல் லாங்கே-நீல்சன் என்ற மரபணு நோயில் பிறவிச் செவிடும் இதயத் துடிப்புக் கோளாறும் சேர்ந்து வரும். சில மனநல மருந்துகள் அந்தக் கோளாறை மோசமாக்கும். பிறவியிலேயே கேளாதவருக்கு, அதிலும் மயங்கி விழுந்த வரலாறோ குடும்பத்தில் திடீர் மரணமோ இருந்தால், மருந்துக்கு முன் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். இரவில் பார்வை தடுமாறுகிறதா என்பதையும் கேளுங்கள். காது கேளாமையோடு சேர்ந்து வரும் அஷர் நோய்க்குறி என்ற மரபணு நோயில் பார்வை சிறிது சிறிதாகச் சுருங்கும்.

மாத்திரை எப்போது, எத்தனை என்பதைச் சூரியன், நிலா படங்களோடு எழுதிக் கொடுங்கள். பக்கவிளைவு தோன்றினால் தானாக நிறுத்தாமல் எந்த எண்ணுக்குக் காணொளி அனுப்ப வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

எட்டாம் படி: வார்டில் சேர்த்தால்

நோயாளியின் கைகளைக் கட்டினால் அவர் பேச்சே நின்றுவிடும். கட்டுவது எவருக்குமே கடைசி வழி. காது கேளாதவர் விஷயத்தில் அதை இன்னும் தள்ளிவையுங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் மிகக் குறுகிய நேரம், கண்ணெதிரே ஒருவர் இருக்க, ஏன் என்று முன்பே சைகையில் சொல்லிவிட்டு. டிரிப்ஸ் ஏற்றும்போது அவர் அதிகம் பயன்படுத்தும் கையை விட்டுவிட்டு மற்றக் கையில் ஏற்றுங்கள். சேர்க்கும்போது போனையும் கண்ணாடியையும் காது கருவியையும் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால், இவருக்கு விதிவிலக்கு அளியுங்கள். குறைந்தது தினமும் குறித்த நேரத்தில் காணொளி அழைப்புக்கு அனுமதி வேண்டும். இரவில் முழு இருட்டு வேண்டாம். தூங்குபவரைப் பின்னாலிருந்து தொட்டு எழுப்பாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் 24 மணி நேரமும் இருக்க மாட்டார். தண்ணீர், வலி, கழிப்பறை, பயம், மருந்து, மருத்துவர், வீடு, தொலைபேசி, குளிர், தூக்கம் போன்ற சைகைகளை ஒவ்வொரு பணிநேரச் செவிலியரும் கற்றிருந்தால் வார்டின் முகமே மாறும். ஒரு மதியத்தில் கற்றுவிடலாம். கற்றுக்கொடுக்கக் காது கேளாத ஒருவரை அழைத்து, அவருக்குக் கட்டணம் கொடுங்கள்.

ஒன்பதாம் படி: நெருக்கடி நேரத்துக்கு முன்பே திட்டம்

தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள். சுற்றிவளைத்தால் சைகை மொழியில் அர்த்தமே மாறிவிடும். கேட்பதால் எண்ணம் முளைத்துவிடாது. பாதுகாப்புத் திட்டத்தை அவரோடு சேர்ந்து காணொளியாகப் பதிவு செய்யுங்கள்: எந்த அறிகுறி வந்தால் எச்சரிக்கை, என்ன செய்தால் சற்றுத் தணிகிறது, யாருக்கு முதலில் காணொளி அழைப்பு. அந்த ‘யார்’ சைகை தெரிந்தவராக இருக்க வேண்டும். குரல் உதவி எண்ணை மட்டும் அங்கே எழுதிவைப்பதில் பொருளில்லை. 14416ஐ அவருக்காக அழைத்துப் பேசப்போகும் நண்பரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இரவில் மருத்துவமனைக்கு வந்தால் காட்ட ஒரு அட்டை கொடுங்கள்: ‘எனக்குக் காது கேளாது. நான் இந்திய சைகை மொழி பயன்படுத்துகிறேன். என் ஆலோசகர் இவர். மொழிபெயர்ப்பாளர் எண் இது.’

பத்தாம் படி: அவர்கள் கூடும் இடத்துக்குப் போங்கள்

பல மாவட்டங்களில் காது கேளாதோர் சங்கம் இருக்கிறது. மாதக் கூட்டம், விளையாட்டுப் போட்டி, செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் தினம் என்று கூடுவார்கள். பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கிய மாநிலம் இது. அந்தப் பள்ளிகளின் பழைய மாணவர் வட்டங்கள் வலுவானவை. மூத்தவர்கள் சிலருக்கு உங்களிடம் அவநம்பிக்கை இருக்கலாம். 1880இல் இத்தாலியின் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகையைவிட வாய்ப்பேச்சு முறையே சிறந்தது என்று தீர்மானித்த பின், உலகெங்கும் பல பள்ளிகளில் சைகை தடுக்கப்பட்டது. கையை அசைத்ததற்காக அடி வாங்கியவர் ‘உதவி செய்ய வந்திருக்கிறோம்’ என்பதை உடனே நம்ப மாட்டார். பேசப் போகாமல், முதல் சில முறை கேட்கப் போங்கள்.

அங்கிருந்து இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து, முதல்நிலை மனநலத் துணைவர்களாகப் பயிற்சி கொடுங்கள். இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் நீண்டகாலப் பலன் தருவது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். நல்ல மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கிடைக்கும் ஆலோசனையைவிட, சைகை மொழியிலேயே பேசும் ஆலோசகர் தரும் ஆலோசனை மேலானது. காது கேளாத இளைஞர்கள் உளவியலும் சமூகப்பணியும் படிக்க உதவுவதும் மனநலச் சேவைதான்.

பணமும் சட்டமும்

மொழிபெயர்ப்பாளருக்கான கட்டணத்தை நோயாளியிடம் வாங்காதீர்கள். மின்கட்டணம், வாடகை போல அது மையத்தின் செலவு. நிர்வாகம் மறுத்தால் சட்டத்தைக் காட்டுங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017இன் 4ஆம் பிரிவு, சிகிச்சை பற்றிய தகவலை அவருக்குப் புரியும் எளிய மொழியிலோ, சைகை மொழியிலோ, காட்சி உதவிகளாலோ தர வேண்டும் என்கிறது. தன் முடிவைப் பேச்சால்தான் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை. முகபாவத்தாலும் சைகையாலும் தெரிவிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 14ஆம் பிரிவின்படி, சிகிச்சை முடிவுகளில் தனக்குத் துணை நிற்கும் சார்பாளரை நோயாளியே நியமிக்கலாம். அந்தச் சார்பாளர் குடும்பத்தாராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 23ஆம் பிரிவு ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 25ஆம் பிரிவு அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டிலும் தடையற்ற அணுகலைக் கேட்கிறது. மறுக்கப்பட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்துமூலம் புகார் செய்யலாம். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையானால், அக்குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 38ஆம் பிரிவு சாட்சியம் பதியும்போது மொழிபெயர்ப்பாளரின் உதவிக்கு இடமளிக்கிறது.

இப்போதைக்குப் பணமே இல்லை என்றால், செலவில்லாமல் இந்த வாரம் செய்யக்கூடியவை இவை. பதிவுச் சீட்டில் ‘எப்படிப் பேச வேண்டும்’ என்ற கேள்வியைச் சேருங்கள். முன்பதிவுக்கு ஒரு வாட்ஸ்ஆப் எண்ணை ஒதுக்குங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி உங்கள் நாற்காலியை ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போடுங்கள். மாவட்டச் சங்கத்தின் செயலாளருக்கு ஒரு செய்தி அனுப்பி, அடுத்த மாதக் கூட்டம் எப்போது, நாங்கள் வரலாமா என்று கேளுங்கள்.